மேல்ஸ்தாயியும் ஆதார ஷட்ஜமும்

சங்கீத அப்பியாசத்தில் சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் முடிந்த பிறகு சொல்லிக்கொடுக்கப்படும் மேல்ஸ்தாயி வரிசைகளைப் பெற்றோரும் பிள்ளைகளும், சில சமயங்களில் ஆசிரியர்களுமேகூட, அலங்காரங்களுக்கும் கீதங்களுக்கும் விரைந்து போய்ச் சேருவதற்காகச் சகித்துக்கொள்ள வேண்டிய ஒரு சம்பிரதாயமாக எண்ணிவிடுவதைப் பல்லாண்டுகளாகப் பார்த்து வருகிறேன். சபைகளில் அவற்றைப் பாடுவார் இல்லை; மாணவன் ஒரு வர்ணத்தைத் தொடங்கிய அன்றே நோட்டுப்புத்தகத்தின் அந்தப் பக்கங்கள் மறக்கப்பட்டு விடுகின்றன. ஆயினும், பிள்ளைப் பிராயத்தில் கற்ற அந்தச் சில வரிகளை முதுமை வந்த பின்னும் விடியற்காலையில் பாடிக்கொண்டிருப்பவனாகிய எனக்கு, ஒரு மனிதனுக்கு அவனுடைய குரல் இன்னதென்று தெரிவிக்கும் ஆற்றல் வேறு எந்தப் பாடத்துக்கும் இவ்வளவு இல்லை என்பது அனுபவத்தால் திடமாகிவிட்ட நம்பிக்கை. அந்த நம்பிக்கை எனக்கு எப்படி உண்டாயிற்று என்பதையும், நான் பிறந்து வாழும் இந்த ஊர் கழனிகளின் ஊராக இருந்து யந்திரசாலைகளின் ஊராக மாறிய பின் அது எப்படி மேலும் உறுதிப்பட்டது என்பதையும் இங்கே எழுத விரும்புகிறேன்.

நான் சிறுவனாயிருந்த 1960-களில் ஸ்ரீபெரும்புதூர், செங்கற்பட்டு ஜில்லாவில், சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகும் பெருஞ்சாலையின் ஓரத்தில், ஆதிகேசவப் பெருமாள் கோயிலைச் சுற்றி அமைந்த சில வீதிகளும், பெரிய ஏரியும், அந்த ஏரி நீரை நம்பிய நெல்வயல்களுமாக இருந்த ஒரு சிற்றூர். ஸ்ரீராமாநுஜர் அவதரித்த ஸ்தலமாதலால் சித்திரைத் திருவாதிரை உற்சவத்தின்போது மட்டும் வெளியூர் ஜனங்கள் திரளாக வந்து சேருவார்கள். மற்ற நாட்களில் ஊரின் ஓசை என்று சொல்லத் தக்கவை கோயில் மணியும், பிரபந்த கோஷ்டியின் சேவையும், ஏரிக்கரையில் புளியமரங்களுக்குள் அடையும் பறவைகளின் இரைச்சலுமே. ஒரகடம் என்ற பெயர், சிங்கப்பெருமாள் கோயிலுக்கும் வாலாஜாபாத்துக்கும் போகும் வண்டிப்பாதையில் தென்படும் ஒரு கிராமத்தின் பெயராக மட்டுமே எங்களுக்குப் பழக்கம். அந்த நிசப்தத்தில் ஒரு பிள்ளை தொண்டையைத் திறந்து பாடினால் மூன்று வீதிகளுக்குக் கேட்கும். பாட்டில் பிசகு நேர்ந்தால் அதுவும் மூன்று வீதிகளுக்குக் கேட்கும்.

எனக்கு வாய்த்த குரு ஒரு மூதாட்டி. காஞ்சீபுரத்தில் வளர்ந்து, அங்கேயே வீணையும் வாய்ப்பாட்டும் கற்று, முதுமையில் உறவினரை அண்டி எங்கள் ஊருக்கு வந்து தங்கிய அவரை வீதியில் எல்லோரும் பெரியம்மா என்றே அழைத்தோம். 1934-இல் காலமான காஞ்சீபுரம் நயினாப் பிள்ளையின் கச்சேரிகளைத் தம் இளம் பிராயத்தில் கேட்டவர் அவர். அந்த மகா வித்வானின் லய சுத்தத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிவதும் அவருக்குத் தெரியாது. எங்களுக்குப் பாடம் சொல்லும்போதோ பேச்சே இராது. வீட்டுத் தாழ்வாரத்தில் பாயை விரித்து, பித்தளைப் பூண்கள் கறுத்துப் போன பழைய சுருதிப் பெட்டியை மடியருகே வைத்துக்கொண்டு, இடக்கையால் அதன் துருத்தியை மெதுவாக அசைத்து, வலக்கையால் தொடையில் தாளம் போட்டபடி அவர் எங்களைப் பார்த்துத் தலையசைப்பதுதான் பாடம் ஆரம்பமாயிற்று என்பதற்கு அறிகுறி.

சரளியையும் ஜண்டையையும் மூன்று காலங்களிலும் தட்டுத் தடங்கலில்லாமல் பாடக்கூடிய நிலை வந்த பிறகே அவர் எங்களை மேல்ஸ்தாயி வரிசைகளுக்கு அழைத்துச் சென்றார். அவ்வரிசைகளின் அமைப்பை அறியாத வாசகர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். எல்லாம் மாயாமாளவகௌள ராகத்தில், ஆதி தாளத்தில் அமைந்தவை. எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரமாக முதற் காலத்தில் பாடும்போது, முதல் ஆவர்த்தனத்தில் மத்யஸ்தாயி ஷட்ஜத்திலிருந்து தாரஸ்தாயி ஷட்ஜம் வரையில் படிப்படியாக ஏற வேண்டும்; இரண்டாம் ஆவர்த்தனம் முழுவதும் அந்தத் தார ஷட்ஜத்திலேயே கார்வை கொடுத்து நிற்க வேண்டும்; மூன்றாவதில் சற்றுக் கீழே தைவதத்துக்கு வந்து, அங்கிருந்து நிஷாதம், ஷட்ஜம் வழியாக மேலே உள்ள ரிஷபத்தைத் தொட்டு மீள வேண்டும்; கடைசி ஆவர்த்தனத்தில் ஏறிய படிகள் அத்தனையிலும் இறங்கி ஆதார ஷட்ஜத்துக்கு வந்துவிட வேண்டும். நாங்கள் கற்ற பாடத்தில் முதல் வரிசை தார ரிஷபத்தோடு நின்றது. அடுத்தது காந்தாரத்தையும், அதற்கடுத்தது மத்யமத்தையும், நான்காவது பஞ்சமத்தையும் எட்டின. ஒவ்வொரு வரிசையிலும் புதிதாகச் சேருவது மேலே ஒரே ஒரு ஸ்வரம். ஏற்றமும், நிலையும், இறக்கமும் நான்கிலும் ஒன்றே.

கர்நாடக சங்கீத பிதாமகர் என்று போற்றப்படும் புரந்தரதாஸர் (1484–1564 என்பது வழக்கில் உள்ள காலக்கணக்கு) இந்தப் பால பாடங்களை வகுத்தவர் என்பது பரம்பரையாக வரும் செய்தி. பதினைந்தாவது மேளமாகிய மாயாமாளவகௌளையை முதற் பாடத்துக்கு உரியதாக்கியதன் நுட்பம் மேல்ஸ்தாயி வரிசைகளில்தான் எனக்கு முதன்முதலில் விளங்கிற்று. அந்த ராகத்தில் ஷட்ஜத்திலிருந்து மத்யமம் வரையிலுள்ள நான்கு ஸ்வரங்களின் இடைவெளிகள் எப்படியோ, பஞ்சமத்திலிருந்து தார ஷட்ஜம் வரையிலுள்ள நான்கின் இடைவெளிகளும் அப்படியே. தார ஷட்ஜத்துக்கு அப்பால் ஏறும்போதும் அதே வடிவந்தான் மறுபடி வருகிறது. தொண்டைக்கு அது புதிய பிரதேசமேயன்றிச் செவிக்குப் பழகிய வழி. மேலும், தார ஷட்ஜத்துக்கு அடியில் அரை ஸ்வர தூரத்தில் காகலி நிஷாதமும், மேலே அதே அளவு தூரத்தில் சுத்த ரிஷபமும் நெருக்கி நிற்பதால், குரல் எள்ளளவு தாழ்ந்தாலும் உயர்ந்தாலும் உடனே அபஸ்வரம் காட்டிக்கொடுத்துவிடும். முத்துஸ்வாமி தீக்ஷிதர், எங்கள் ஊருக்கு வடமேற்கே அதிக தூரத்தில் இல்லாத திருத்தணிகையில், முருகன் சந்நிதியில் தம் முதற் கீர்த்தனமாகிய ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’வைப் பாடியதும் இந்த ராகத்திலேதான் என்று பெரியம்மா சொன்னபோது, நாங்கள் தினந்தோறும் சலிப்போடு பாடிக்கொண்டிருந்த ஸ்வரங்களின் மேல் எங்களுக்கு ஒரு மரியாதை பிறந்தது.

ஒருநாள் நான் தார காந்தாரத்தை எட்டுவதற்காகக் குரலை உந்தித் தள்ளிக்கொண்டிருந்தபோது, பெரியம்மா பாடத்தை நிறுத்திவிட்டு உள்ளே போய் வீணையை எடுத்து வந்தார். அதன் இருபத்துநான்கு மெட்டுகளையும் என் விரலால் எண்ணச் செய்து, பன்னிரண்டாம் மெட்டில் சாரணித் தந்தியை அழுத்தி மீட்டி, தந்தியின் சரிபாதியில் பிறப்பதுதான் தார ஷட்ஜம் என்று காட்டினார். பிறகு, “இந்தப் பக்கம் பார்த்தியா கண்ணு, மெட்டுக்கு மெட்டு எவ்வளவு தூரம், அந்தப் பக்கம் போகப் போக எவ்வளவு நெருக்கம்” என்று சொல்லி, என் விரலை முதல் மெட்டுகளிலும் கடைசி மெட்டுகளிலும் மாறி மாறி வைத்துப் பார்க்கச் சொன்னார். கீழ்ப் பகுதியில் இரண்டு விரல் சௌகரியமாக அடங்கும் இடைவெளி மேலே ஒரு விரல் நுனிக்கே போதாமல் இருந்தது. “மேலே போனா பலம் வேண்டாம், நிதானம் வேணும்” என்று அவர் கூறியதை அன்று விரலால் உணர்ந்தேன். தொண்டையால் உணர்வதற்கு இன்னும் நெடுங்காலம் பிடித்தது.

சாரீர விஷயத்தில் அவர் விதித்த கட்டுப்பாடுகள் மிகச் சில. ஆனால் அவற்றில் விலக்குக் கிடையாது. மேல்ஸ்தாயிக்குப் போகும்போது மோவாயைத் தூக்கக் கூடாது; தூக்கினால், “ஸ்வரம் மோட்டுவளையிலா தொங்குது?” என்று கேட்டுச் சுண்டுவிரலால் மெல்ல அழுத்தித் தாழ்த்துவார். கள்ளத்தொண்டையில் பாடி உயரத்தை எட்டியதாகக் காட்டக் கூடாது; திறந்த குரலில் எட்டாத ஸ்வரத்தை அன்றைக்கு விட்டுவிட வேண்டும். ஸ்வரமாகப் பாடிய பிறகு அதே வரிசையை அகாரமாகப் பாட வேண்டும். ஸ்வரப் பெயர்களின் மெய்யெழுத்துகள் கொடுக்கும் ஊன்றுகோல் நீங்கிய பின்னரே, குரல் தன் சொந்தக் காலில் நிற்கிறதா என்பது தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, தார ஷட்ஜத்தின் கார்வையை எவ்வளவு அவசரத்திலும் சுருக்கக் கூடாது. குரல் சுருதியோடு சேராதபோது காதில் ஒரு மெல்லிய நடுக்கம் அலையலையாகக் கேட்கும். குரலைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டு வந்தால் அலைகள் மெதுவாகி, நீண்டு, ஒரு கணத்தில் முற்றும் அடங்கிவிடும். அந்த அடக்கத்தைக் கேட்டபின்தான் ரிஷபத்துக்கு ஏற அனுமதி. இரண்டாம் ஆவர்த்தனம் முழுவதும் எங்களை அவர் ஏன் அங்கே நிறுத்தி வைத்தார் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

இந்த வரிசைகளைக் கொண்டே அவர் ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிய சுருதியை நிர்ணயித்தார் என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டிய விஷயம். புதிதாக வரும் பிள்ளைக்கு உத்தேசமாக ஒரு சுருதியை வைத்துச் சரளியையும் ஜண்டையையும் சொல்லிவைப்பார். மேல்ஸ்தாயிக்கு வந்ததும், நான்காவது வரிசையின் தார பஞ்சமம் இறுக்கமில்லாமல் நிற்கிறதா என்று பார்ப்பார். கீழ்ஸ்தாயி வரிசையில் மந்த்ர பஞ்சமம் காற்றாகிப் போகாமல் காதில் விழுகிறதா என்று பார்ப்பார். இரண்டுக்கும் இடம் கொடுக்கும்படி சுருதியை அரைக்கட்டை ஏற்றியும் இறக்கியும், பல நாள் சோதித்து, ஒரு நாள், “இதுதான் உன்னோடது” என்று சொல்லிச் சுருதிப் பெட்டியின் அந்தத் துவாரத்தை எங்களிடமே காட்டி வைப்பார். பழந்தமிழ் இசை நூலோர் மெலிவு, சமன், வலிவு என்று பகுத்த மூன்று நிலைகளிலும் குரல் சஞ்சரிக்க வேண்டுமானால் நடுநிலை எங்கே இருக்க வேண்டும் என்பதை உச்சியும் அடியுமே தீர்மானிக்கின்றன. ஆதார ஷட்ஜம் என்பது முதலில் வைத்துக்கொண்டு புறப்படுவது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது மேலே போய் வந்த பிறகு கண்டுபிடிக்கப்படுவது.

சித்திரை உற்சவத்துக்கு வரும் நாகஸ்வர வித்வான்களை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு எங்களுக்கு அந்நாட்களில் கிடைத்தது. புறப்பாட்டின்போது மல்லாரியை முடித்து ஒரு ராகத்தை எடுத்து, மத்யஸ்தாயியில் நிதானமாக உலவிவிட்டு, திடீரென்று தாரஸ்தாயிக்கு அவர்கள் தாவும் தருணத்தில் நான் அவர்களுடைய விரல்களையே கவனித்திருப்பேன். துளைகள் மாறவில்லை, விரல்கள் மாறவில்லை, கீழே ரிஷபம் ஒலித்த அதே நிலையில் மேலே ரிஷபம் ஒலித்தது. மாறியவை மூச்சின் அழுத்தமும் சீவாளியைப் பற்றிய உதடுகளின் பிடியுமே. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956), குட்டையான திமிரிக்குப் பதிலாக நீண்ட பாரி நாயனத்தைப் பிரசித்தப்படுத்திச் சுருதியைத் தாழ்த்திக்கொண்ட பிறகு, நாகஸ்வரத்தின் நாதம் எவ்வளவு கனமும் சுகமும் பெற்றது என்பதைப் பெரியவர்கள் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். வாத்தியத்துக்கும் தன் சுருதி என்று ஒன்று உண்டு. அதைக் கண்டுகொண்ட மேதையின் கையில் அதன் மேல்ஸ்தாயியும் புதிதாய்ப் பிறக்கிறது.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் எனக்கு மகரக்கட்டு வந்தது. குரல்வளை வளர்ந்து, குரல் நாண்கள் நீண்டு தடிக்கும் அந்தப் பருவத்தில் ஆண்பிள்ளைகளின் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடுகிறது. இறங்கி அமரும் வரையில் எந்த ஸ்வரம் எங்கே உடையும் என்று யாரும் சொல்ல முடியாது. நேற்றுவரை அனாயாசமாக எட்டிய தார பஞ்சமம் ஒரே நாளில் இரண்டாகப் பிளந்து போனதைக் கேட்ட பெரியம்மா, சற்றும் கலங்காமல், அன்றிலிருந்து மேல்ஸ்தாயியை நிறுத்தி, கீழ்ஸ்தாயி வரிசைகளை மட்டும் மெல்லிய குரலில் முனகிவரச் சொன்னார். மிளகும் பனங்கற்கண்டும் போட்ட பாலும், அதிமதுரத் துண்டும், பேச்சைக் குறைத்தலுமே மருந்து. குரல் அமர்ந்ததும் முதற் பாடமாக மறுபடி மேல்ஸ்தாயி வரிசையையே எடுத்தார். ரிஷபம் வரையில் சில வாரம், காந்தாரம் வரையில் சில வாரம் என்று போய், கடைசியில் ஒன்றரைக் கட்டையில் என் ஆதார ஷட்ஜத்தை இரண்டாம் முறையாக எனக்குக் கொடுத்தார். அதே வரிசைகள், அதே ராகம். பாடினவன் மட்டும் வேறு மனிதனாகியிருந்தான்.

உயர்ந்த சுருதியில் கணீரென்று பாடுவதே பாட்டின் சிறப்பு என்று கருதப்பட்ட ஒரு காலம் தமிழ்நாட்டில் இருந்தது. அதற்கு நியாயமும் இருந்தது. ஒலிபெருக்கி பரவாத நாட்களில், செங்கோட்டை கிட்டப்பாவும் (1906–1933) கே. பி. சுந்தராம்பாளும் நாடகக் கொட்டகையின் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவன் காதுக்கும் எட்டும்படி பாடியாக வேண்டும். மைக் வந்த பிறகு அந்த நிர்ப்பந்தம் நீங்கிற்று. காஞ்சீபுரத்தில் பிறந்த டி. கே. பட்டம்மாள் (1919–2009) பெண் குரலுக்கு வழக்கமான மெல்லிய கூர்மையை நாடாமல், தமக்கு இயல்பான கம்பீரத்தைக் கொண்டே இசையுலகில் தலைசிறந்த இடத்தை அடைந்தார்; அதே தலைமுறையில் ஜி. என். பாலசுப்பிரமணியம் (1910–1965) தாரஸ்தாயியில் பிருகாக்களை மின்னலாய்ப் பொழிந்து வேறொரு வழியில் சிகரத்தைத் தொட்டார். இவ்விருவரில் ஒருவர் மற்றவரைப் போலப் பாட முயன்றிருந்தால் நாம் இருவரையும் இழந்திருப்போம்.

பிற்காலத்தில் நான் பள்ளி ஆசிரியனாகி, மாலை வேளைகளில் சில பிள்ளைகளுக்குச் சங்கீதமும் சொல்லிக்கொடுத்து வந்தேன். அப்படி இருக்கும்போதே ஊர் மாறத் தொடங்கிற்று. 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் கால்கோள் செய்து, 1998-இல் முதல் கார்களை வெளியே அனுப்பியது. 2006-இல் நோக்கியாவின் கைபேசித் தொழிற்சாலை தொடங்கி, ஆயிரக்கணக்கான இளம் பெண்களுக்கு வேலை கொடுத்து, 2014-இல் மூடப்பட்டது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ நிஸானும், 2012-இல் டெய்ம்லரின் லாரித் தொழிற்சாலையும், 2013-இல் ராயல் என்ஃபீல்டும் உற்பத்தியைத் தொடங்கின. வயல்கள் இருந்த இடங்களில் சிப்காட் மதில்களும், வண்டிப்பாதைகள் இருந்த இடங்களில் கன்டெய்னர் லாரிகள் ஓடும் ஆறுவழிச் சாலைகளும் வந்தன. நான் சாதகம் செய்யும் விடியற்காலை வேளையில், முதல் ஷிஃப்டுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். அவற்றின் எஞ்சின் முழக்கத்தினூடே என் சுருதிப் பெட்டியைக் காதருகே வைத்துக்கொண்டு பாடப் பழகினேன். இழந்த நிசப்தத்துக்காக வருந்தியதுண்டு. ஆனால் அந்த பஸ்களில் வந்தவர்களே பின்னர் என் மாணவர்களானார்கள் என்பதால், அந்த வருத்தத்தை நான் நெடுநாள் சுமக்கவில்லை.

திருநெல்வேலி, விருதுநகர், தருமபுரி, விழுப்புரம் என்று பல ஜில்லாக்களிலிருந்து வேலைக்காக வந்து, ஹாஸ்டல்களிலும் வாடகை அறைகளிலும் தங்கியிருக்கும் இளைஞர்களும் பெண்களும், பாட்டில் உள்ள ஆசையால் ஒருவர் மூலம் ஒருவர் கேள்விப்பட்டு வந்தார்கள். அவர்களுக்குப் பாட வேளை குறிப்பது பஞ்சாங்கம் பார்ப்பதைவிடச் சிரமம். வாரந்தோறும் ஷிஃப்ட் மாறும். இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு வருபவனுக்கு நான் மேல்ஸ்தாயியை எடுப்பதில்லை. உறக்கமில்லாத தொண்டையை நீட்டினால் அது புண்படும். பிரஸ் ஷாப்பில் வேலை செய்பவர்கள், யந்திர ஓசைக்கு மேல் ஒருவரோடொருவர் கத்திப் பேசிப் பழகிய காரணத்தால், மேலே போவதென்றாலே மூச்சை முட்டித் தள்ள வேண்டும் என்ற பழக்கத்தோடு வருவார்கள். இன்னும் பலர், சினிமாப் பாட்டுகளை அவற்றின் மூலப் பாடகர்களின் சுருதியிலேயே, கைபேசியில் ஒலிக்கும் இசைத் தடத்தோடு சேர்ந்து பாடிப் பழகி, தமக்கு எட்டாத இடங்களில் கள்ளத்தொண்டைக்குத் தாவுவதையே பாட்டின் இலக்கணமாகக் கொண்டிருந்தார்கள். நல்ல குரல்கள், இரவல் சுருதியில் அடைபட்டுக் கிடந்த குரல்கள். அவர்கள் எல்லோருக்கும் நான் கொடுத்த சிகிச்சை ஒன்றுதான்: சுருதியைத் தாழ்த்தி, முதல் மேல்ஸ்தாயி வரிசையை மட்டும், ரிஷபத்துக்கு அப்பால் போகாமல், தார ஷட்ஜத்தின் கார்வையில் அலைகள் அடங்கும் வரையில் நிற்கச் செய்தேன்.

அவர்களில் ஒரு பெண், தென்கோடி ஜில்லா ஒன்றிலிருந்து வந்து மின்னணுப் பொருள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள், ஹாஸ்டலில் வாய்விட்டுப் பாட இடமில்லாததால் பஸ்ஸுக்காக நடக்கும்போது மனத்துக்குள்ளேயே பாடுவதாகச் சொல்வாள். ஒருநாள் வந்ததும் வராததுமாக, “சார், எங்க கம்பெனியில டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிற பக்கமா நடந்தா நம்ம சுருதி கேக்குது சார், ஆனா ஒரு பொட்டு ஏறியிருக்கு” என்றாள். அவளுக்கு நான் நிர்ணயித்திருந்தது ஐந்து கட்டை. என் மின்னணுச் சுருதிப் பெட்டியை எடுத்துக்கொண்டு அவளோடு தெருமுனையில் உள்ள மின்மாற்றியடிக்குப் போய், அதன் வேலிக்கு இப்பால் நின்று, ஐந்து கட்டையை வைத்து ஒலிக்கவிட்டேன். அவள் சொன்னபடியே இரண்டுக்கும் இடையில் நடுக்கம் கேட்டது. நுட்பமாக ஏற்றும் குமிழைச் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டு போனேன். ஐந்தரைக்குப் போகும் வழியில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் நடுக்கம் அடங்கிற்று. சுற்றி நின்ற ஆட்டோக்காரர்கள் எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க, அவள் அந்த முழக்கத்தையே ஆதாரமாகக் கொண்டு, சன்னமான குரலில் முதல் வரிசையைப் பாடி முடித்தாள்.

பௌதிகம் அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியமில்லை. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி கொண்டது. ஒவ்வொரு சுழற்சியிலும் மின்மாற்றியின் இரும்புத் தகடுகள் இருமுறை நுண்ணளவில் நீண்டு சுருங்குவதால், வினாடிக்கு 100 அதிர்வும் அதன் மடங்குகளாகிய 200, 300, 400 அதிர்வுகளும் எழுகின்றன. ஐந்து கட்டை ஷட்ஜம் ஏறத்தாழ 196 அதிர்வு. அதன் தார ஷட்ஜம் 392. ஆகவே இந்தப் பிரதேசத்தின் அத்தனை தொழிற்சாலைகளிலும், தெருமுனைகளிலும், ஐந்து கட்டைக்குச் சற்று மேலாக ஒரு சுருதி இரவும் பகலும் ஒலித்துக்கொண்டேயிருக்கிறது. அதை ஆயிரமாயிரம் பேர் கேட்டுக்கொண்டு நடக்கிறார்கள். ஒரு பொட்டு ஏறியிருக்கிறது என்று கண்டுகொள்வதற்கு, தன் சுருதி எது என்று ஐயமறத் தெரிந்த ஒரு செவி வேண்டியிருந்தது. அந்தச் செவியை அவளுக்குக் கொடுத்தவை ரிஷபத்துக்கு மேல் போகாத ஒற்றை வரிசையும், அதிலுள்ள கார்வையுமே. அவள் பின்னால் நான்கு வரிசைகளையும் முடித்து, அலங்காரங்களையும் கீதங்களையும் கடந்து, மோகன வர்ணம் வரையில் கற்று, திருமணமாகி ஊர் திரும்பினாள்.

என் மாணவர்களில் பலர் இப்படித்தான் இடையிலேயே போய்விடுகிறார்கள். வேலை மாறுகிறது, கம்பெனி மாறுகிறது, ஒப்பந்தம் முடிகிறது. கச்சேரி செய்யும் வித்வான்களை நான் உருவாக்கியதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. அந்த ஆசையும் எனக்கு இருந்ததில்லை. ஆனால் இந்தச் சாலைகளில் வாழும் இசையாசிரியர்களிடமும், பிள்ளைகளைப் பாட்டு வகுப்புக்கு அனுப்பும் பெற்றோரிடமும் ஒன்றைக் கேட்டுக்கொள்ள எனக்கு உரிமை உண்டென்று நினைக்கிறேன். மேல்ஸ்தாயி வரிசைகளை ஒரு வாரத்தில் முடித்துவிட வேண்டாம். ஒவ்வொரு ஸ்வரமாக ஏறுவதற்கும், ஒவ்வொரு முறையும் முழுவதுமாக இறங்கி வருவதற்கும் அவகாசம் கொடுங்கள். வகுப்பில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பத்துப் பேரையும் ஒரே சுருதியில் பாடவைப்பது ஆசிரியருக்குச் சௌகரியம். அந்தச் சௌகரியத்துக்காக ஒரு பிள்ளையின் குரலை விலையாகக் கொடுக்கலாகாது.

தார பஞ்சமத்தை எட்டாதவர்களும் சங்கீதத்துக்கு உரியவர்களே. எட்டுவதற்காக நியாயமான வழியில் உழைத்தவர்கள், எட்டினாலும் எட்டாவிட்டாலும், தங்கள் குரலுக்கு இயற்கை வகுத்த உச்சி எது என்று அறிந்துகொண்டு, அதைக் கொண்டு தங்கள் அடிநிலையையும் அறிந்துகொள்கிறார்கள். அவ்வாறு அறிந்த ஒருவன் கோயிலில் பாடினாலும், கம்பெனி ஆண்டு விழாவில் பாடினாலும், தொட்டிலருகே பாடினாலும், எந்தச் சுருதியில் எடுக்க வேண்டும் என்று பிறரைக் கேட்க வேண்டியதில்லை. பிறர் வைத்த சுருதிக்காகத் தன் தொண்டையை வருத்திக்கொள்ளவும் வேண்டியதில்லை. அந்தச் சுதந்திரம் சங்கீதம் ஒரு சாமானியனுக்குக் கொடுக்கக்கூடிய பெரும் செல்வம் என்று நான் கருதுகிறேன். அது கிடைக்கும் இடம், நாம் அவசரமாகப் புரட்டிவிடும் அந்த நோட்டுப்புத்தகப் பக்கங்கள்தான்.